ஒன்பது தட்டும் மாமியின் குளிசையும்

மாமிக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற பிறஷர் குளிசை ஒன்று இருக்கிறது. ஒன்பது சின்னத் தட்டாகச் சாப்பாடு தருகிற ஒரு கடைக்குப் போன அன்றைக்கு அதை எப்போது போடுவது என்பதுதான் எங்கள் மேசையில் நடந்த பெரிய விவாதம். மூன்றாவது தட்டு முடிந்தபோது ஒருமுறை கைப்பையைத் திறந்தார், மூடினார். ஐந்தாவது முடிந்தபோது திரும்பத் திறந்தார். "தம்பி, நான் இப்ப சாப்பிட்டிட்டனோ, இல்லாட்டி இனித்தான் சாப்பிடப் போறனோ? அதை முதல்ல சொல்லு" என்று என்னைக் கேட்டார். எனக்கே தெரியவில்லை. ஏழு மணிக்கு உட்கார்ந்தோம், அப்போது எட்டரை தாண்டிவிட்டது, வயிற்றுக்குள் போனது எல்லாம் சேர்த்தாலும் ஒரு கைப்பிடிதான் இருக்கும்.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் வந்திருந்தா. அவவுக்கு இந்த டேஸ்டிங் மெனுவில் ஒரு பைத்தியம், போகிற ஊரில் எல்லாம் தேடிப்பிடித்துச் சாப்பிடுவா. யாழ்ப்பாணத்திலும் ஒன்று தொடங்கியிருக்கிறது என்று யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள், வந்த மூன்றாம் நாளே நாலு பேருக்குப் பதிவு செய்துவிட்டா. மச்சாள், அவவின் அம்மா, அதாவது என் மாமி, நான், என் மனைவி. மனைவி சைவம். கடையின் பெயரை நான் எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, பெடியள் பிழைத்துப் போகட்டும். நல்லூர்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் வீடு, நடு முற்றத்தைச் சுற்றி ஆறு மேசை என்று சொன்னால் ஊரில் இருப்பவர்களுக்குக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: டேஸ்டிங் மெனு என்றால் நீங்கள் எதையும் ஓடர் பண்ண முடியாது. சமையற்காரர் தீர்மானிப்பதைச் சின்னச் சின்னத் தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருவார்கள். ஜப்பான்காரர் ஒமகாசே என்கிறார்கள், 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று அர்த்தமாம். எங்கள் வீடுகளில் அம்மா வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழும்புவதும் ஒமகாசேதான். அதற்கு ஆளுக்கு 9,500 ரூபாயும் அதற்குமேல் பத்து வீதம் சேவைக் கட்டணமும் நாங்கள் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் வந்தது கருப்பநீர், அதாவது புளிக்காத பதநீர். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கியது, சின்ன மண் குவளையில், குளிரக் குளிர. வைகாசி மாதம் என்பதால் கிடைத்திருக்கிறது. கருப்பநீரைக் காலையில் குடித்தால்தான் உண்டு, வெயில் ஏற ஏற அது வேறு ஒன்றாக மாறத் தொடங்கிவிடும் என்று தெரிந்த மாமி சந்தேகத்தோடு ஒரு வாய் வைத்துப் பார்த்தார். புளிக்கவில்லை. இறக்கிய உடனே ஐஸில் வைத்துவிடுகிறார்களாம். நல்ல தொடக்கம்.

அடுத்தது பருத்தித்துறை வடை, ஆளுக்கு ஒன்று, பெரிய கறுப்புக் கல் ஒன்றின் நடுவில். வடை மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ரூபாய்க் குத்தி அளவு. பருத்தித்துறை வடையின் சுகமே பையோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொறித்துக்கொண்டே வருவதில்தான் இருக்கிறது, ஒன்றோடு நிற்பாட்டக்கூடியவர் எவரையும் நான் கண்டதில்லை. கல் கனமாக இருந்தது, அதை எடுக்க அந்தத் தம்பி இரண்டு கையும் பாவித்தார்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பந்தி பாடமாக்கிச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் அதுவரை தமிழில்தான் கதைத்துக்கொண்டிருந்தோம், அவரும் வாசலில் எங்களைத் தமிழில்தான் வரவேற்றார், தட்டு வந்ததும் மட்டும் பாஷை மாறிவிடுகிறது. இரண்டாவது தட்டோடு மாமிக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, உதைத் தமிழிலை சொல்லுங்கோவன், எனக்கும் விளங்கட்டும்." அவர் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு சிரித்தார். "சரி அன்ரி" என்று தொடங்கியவர்தான், அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மூன்றாவது தட்டான கூழை வைத்துவிட்டு, ஒடியல் மா காரைநகரில் தன் அம்மம்மா வெயிலில் காயப்போட்டு இடித்துக் கொடுப்பது என்றும், பனங்கிழங்கை இரண்டாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புளுக்கொடியல், இதை வெளியிலிருந்து வருகிற பெரியவர்களே மாற்றிச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். பாடமாக்கிய பந்தியில் இதில் ஒரு சொல்கூட இருந்திருக்காது. முதலாளி இதை வாசித்தால்: அந்தப் பந்தியைக் கிழித்துப் போடுங்கள், பெடியனைக் கதைக்க விடுங்கள்.

கூழ். அன்றைய இரவில் நான் கொடுத்த காசுக்கு, சரி, மச்சாள் கொடுத்த காசுக்கு, முழுப் பெறுமதி இருந்தது இதில்தான்.

எங்கள் வீட்டில் கூழ் என்றால் முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய பானையில் காய்ச்சுவது. மாவை முதல் ஊறவைத்து, கசப்புப் போக மேல் தண்ணீரை வடித்து, மீன் தலை, நண்டு, இறால், கணவாய், பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் அவிந்துகொண்டிருக்கிற பானைக்குள் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, கடைசியாக மாவைக் கரைத்து ஊற்றித் துழாவிக்கொண்டே நிற்கவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாகக் கூழ் காய்ச்சியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் கோப்பிக் கோப்பை அளவில் ஒரு சின்னச் சட்டியில் கூழ் வருவதைக் கண்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மீன் துண்டு இல்லை, நண்டுக் கால் இல்லை, எல்லாவற்றையும் வடித்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பிலாவிலை, கோலி, ஈர்க்குக் குத்தி.

வாயில் வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வடித்ததைத் திரும்பவும் அடுப்பில் வைத்துச் சுண்டவைத்திருக்கிறார்கள். ஒரு முழுப் பானைக் கூழின் காரமும் புளியும் கடல் மணமும் அந்த நாலு மிடறுக்குள் நிற்கிறது, கடைசியில் ஒடியலின் அந்த இலேசான கசப்பு நாக்கின் பின்பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிலாவிலையின் கோலிய பக்கத்தால் ஒரு சொட்டு என் வெள்ளைச் சேட்டில் விழுந்தது, கழுவியும் போகவில்லை. மாமி இலையை வழித்து, அந்த இலையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூட. மற்றபடி பிழை சொல்லேலாது" என்றார். மாமியிடமிருந்து இது வருவது லேசில்லை. மனைவிக்கு மரக்கறி மட்டும் போட்டுச் சைவக் கூழ் தனியாகக் காய்ச்சியிருந்தார்கள், ஒரே பானையிலிருந்து மீனைப் பொறுக்கிவிட்டுக் கொடுக்கவில்லை, அதற்கு ஒரு கும்பிடு.

நாலாவது, கணவாயை அதன் மையோடு பழப்புளி விட்டுச் சமைத்தது. கறுப்புக் குழம்பு. பரவாயில்லை. வீட்டில் மையைக் கழுவி ஊற்றி விடுகிறோம், இனி யோசிப்பேன்.

ஐந்தாவது நண்டு. இலங்கை நண்டுக்கு வெளியில் ஒரு பெரிய பெயர் இருக்கிறது, சிங்கப்பூரில் மிளகாய் நண்டு போடுகிற கடைகள் இலங்கை நண்டு என்று சொல்லியே விற்கிறார்கள். 2011இல் கொழும்பு பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் திறந்த பிறகு நண்டை நிறை போட்டு, அளவுக்கு ஒரு பெயர் வைத்து விற்பது இங்கேயும் பழகிவிட்டது. அது களப்பிலும் கண்டல் சேற்றிலும் பிடிக்கிற பெரிய நண்டு. இவர்கள் வைத்தது எங்கள் கடலில் வலையில் படுகிற, நீலக் காலுள்ள சாதாரண நண்டு. அதில் எனக்குச் சந்தோசம். காலில் இருந்த தசையை முழுசாக எடுத்து, வறுத்த தூள் போட்டு வற்றவைத்த குழம்பின் மேல் வைத்து, பொரித்த முருங்கையிலை தூவி, நெருப்பில் வாட்டிய பாண் துண்டு ஒன்றோடு கொடுத்தார்கள். ருசி சரி. ஆனால் கோது உடைக்காமல் நண்டு தின்கிறதில் ஏதோ களவு எடுத்த உணர்ச்சி. நான் இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே தம்பி இன்னொரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்: நண்டின் உடம்பு, பாதியாக முறித்தது, குழம்போடு. கூடவே கை கழுவச் செம்பில் தேசிக்காய்த் தண்ணீர். "இது மெனுவிலை இல்லை, கேக்கிற ஆக்களுக்குத்தான் குடுக்கிறது" என்றார். நாங்கள் கேட்கவில்லை. மாமியைப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு பத்து நிமிடம் எங்கள் மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. பூரணைக்குக் கிட்டவாகப் பிடித்த நண்டாக இருக்கவேண்டும், தசை காணாது என்று மாமி கடைசியில் ஒரு குறை கண்டுபிடித்தார், அது சமையற்காரரின் பிழை இல்லை.

இதே நேரம் மனைவிக்கு வந்தது புரோக்கோலி. தந்தூரி மசாலா தடவிச் சுட்டது. அதற்கு முதல் கணவாய்க்குப் பதிலாக பெட்டிக் காளான். இதை நான் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் இது மன்னிக்கிற பிழை இல்லை. பாதி ஊர் வெள்ளிக்கிழமை மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடாது. நல்லூர் கொடியேறினால் 25 நாளும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீடுகள் எத்தனை. அந்தச் சமையலறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் திருநெல்வேலிச் சந்தை. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைப்பூ வறை, வேப்பம்பூ வடகம், தூதுவளைச் சம்பல், வல்லாரை, பொன்னாங்காணி என்று கிடந்து குவிகிறபோது பொலித்தீன் சுற்றிய புரோக்கோலியை எதற்குத் தேடிப்போகிறீர்கள்? மீன் தட்டு ஒவ்வொன்றுக்கும் காரைநகர் அம்மம்மா மாதிரி ஒரு கதை இருக்கிறது, சைவத் தட்டுக்குப் பின்னால் ஒரு சுப்பர்மார்க்கட்தான் இருக்கிறது. காசு மட்டும் ஒரே காசு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனம் பழக்கம், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறாவதோடு இரவு கொஞ்சம் சரிந்தது. முதலில் முப்பது நிமிட இடைவெளி. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மாமி முற்றத்துத் தூணை எண்ணினார். பிறகு வந்தது பிட்டு: விரல் நீளத்தில் ஒரு சின்ன உருளை, அதன் மேல் சொதியை நுரையாக அடித்து ஒரு கரண்டி, தட்டின் ஓரத்தில் இடிச்ச சம்பல் ஒரு பொட்டு, இன்னொரு ஓரத்தில் தீயலில் இருந்து எடுத்த மீன் ஒரு துண்டு. பக்கத்தில் முள்ளுக்கரண்டி. பிட்டு நல்ல பிட்டு, நீத்துப்பெட்டியில் அவித்தது, பனையோலை மணம் பிடித்திருந்தது. சொதி நுரையிலும் தேங்காய்ப்பால் மணம் இருந்தது. தனித்தனியே எல்லாம் சரி. ஆனால் பிட்டு தனியே தின்கிற சாமான் இல்லையே. சொதியை ஊற்றி, சம்பலைப் போட்டு, மீனைப் பிய்த்து, கையால் குழைத்து, அந்தக் குழையலில் ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொன்று கூடக் குறைய வருகிறதே, அதுதான் பிட்டு. இங்கே நுரை வாயில் வைக்க முன்னம் காற்றோடு போய்விட்டது, பிட்டு தொண்டையில் நின்றது, நான் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் போத்தல் 450 ரூபாய்.

வீட்டுக்கு வந்த பிறகும் இந்தத் தட்டைப் பற்றித்தான் யோசித்தேன். கூழை வடித்துச் சுண்டவைத்தது சரியாக வந்தது, பிட்டைப் பிரித்து வைத்தது ஏன் பிழைத்தது? கூழ் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்த சாமான், அதை எவ்வளவு சின்னப் பாத்திரத்தில் வைத்தாலும் அது தன்பாட்டில் நிற்கும். ரசமும் அப்படித்தான். 2024இல் கொழும்பில் திறந்த ஐ.டி.சி. ரத்னதீப ஹோட்டலில் அவர்தனா என்று ஒரு உணவகம் இருக்கிறது, சென்னையில் இருப்பதன் கிளை, தக்காளி ரசத்தைத் தெளியவைத்து மார்ட்டினி கிளாஸில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். மச்சாள் அங்கே சாப்பிட்டிருக்கிறா, அதை இன்னும் கதைக்கிறா. பிட்டும் சொதியும் அப்படி இல்லை, அவை வாய்க்கு வெளியிலேயே சந்திக்கவேண்டியவை. ஜப்பான்காரருடைய கைசெக்கியை எடுங்கள். தட்டுத் தட்டாக வருகிற விருந்துக்கு அதைவிடப் பெரிய இலக்கணம் ஆசியாவில் இல்லை. அதிலேயே கடைசியில் சோறு, மிசோ சூப், ஊறுகாய் மூன்றையும் ஒன்றாகத்தான் வைக்கிறார்கள். சோற்றையும் சூப்பையும் பிரித்து இரண்டு தட்டு ஆக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சீன விருந்திலும் தட்டுகள் வரிசையாகத்தான் வரும், ஆனால் மேசை நடுவில் வைத்து எல்லாரும் எடுப்பார்கள். எங்கள் கலியாண வீட்டுப் பந்தியிலும் வரிசை இருக்கிறது, பருப்பு எப்போது, பாயாசம் எப்போது, மோர் எப்போது என்று பிசகினால் பெரிய சண்டையே வரும். வரிசை வேறு, பிரிப்பது வேறு.

முள்ளுக்கரண்டிக்கும் இதே கதைதான். கையால் சாப்பிட்டால் தரம் குறைந்துவிடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல. பாங்கொக்கில் ககன் ஆனந்த் நடத்திய கடை 2015இலிருந்து 2018வரை ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்கள் பட்டியலில் நாலு வருடமும் முதலாவது. அங்கே மெனுவே வெறும் எமோஜிப் படங்களாக இருந்தது, இருபத்தைந்து தட்டு வரைக்கும் வந்தது, பெரும்பாலானதைக் கையால்தான் சாப்பிடவேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நண்டுக்குச் செம்புத் தண்ணீர் கொண்டுவந்த அதே தம்பி பிட்டுக்கும் கொண்டுவந்திருக்கலாம்.

ஏழாவது, மோரை உறையவைத்து அதன்மேல் பொரித்த மோர்மிளகாயை நொருக்கித் தூவியது. இரண்டு கரண்டி. இது யாருடைய மூளையோ தெரியாது, கெட்டித்தனம். பிட்டின் கோபம் இதோடு போய்விட்டது.

எட்டாவது மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும் ஆட்டிறைச்சியும். இறைச்சி பஞ்சு மாதிரி அவிந்திருந்தது, தூள் நன்றாக வறுபட்டிருந்தது, பெருஞ்சீரகம் தூக்கலாக, எனக்குப் பிடித்தது. எலும்பு இல்லை. ஒரு மூளை எலும்பாவது வைத்திருக்கக்கூடாதா என்று நான் கேட்க, மாமி, "நாலு பேரின்ரை காசுக்கு ஞாயிற்றுக்கிழமை பங்கு இறைச்சி எத்தினை பங்கு எடுக்கலாம் தெரியுமே" என்று கணக்குப் போடத் தொடங்கினார், மச்சாள் கையைப் பிடித்து நிறுத்தினா. மனைவிக்குப் பிஞ்சுப் பலாக்காய்க் கறி வந்தது. உண்மையைச் சொன்னால் எங்கள் ஆட்டை விட அது நன்றாக இருந்தது, தூள் அதே தூள்தான், பலாக்காய் அதைக் கூடப் பிடித்திருந்தது. அப்ப இவர்களுக்குச் சைவம் சமைக்கத் தெரியாமல் இல்லை! நினைவுதான் வரவில்லை.

சோறு வந்தவுடன் மாமி குளிசையைப் போட்டார். "சோறு கண்டாச்சு, இனிச் சாப்பாடுதான்" என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

கடைசி மாம்பழம். கறுத்தக்கொழும்பான், வெட்டி அப்படியே, மேலே பனாட்டை, அதாவது காயவைத்த பனம்பழக் களியை, சீவி ஒரு கிள்ளு. அதற்கு ஒன்றும் செய்யாமல் விட்டதற்கே அந்தச் சமையற்காரரின் கையைக் குலுக்கலாம். பிறகு இஞ்சிப் பிளேன்ரீ, கடித்துக் குடிக்கப் பனங்கட்டி. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க எழும்பினோம். பசி இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து பாண் தின்றதாகக் கதை சொல்லுவார்கள், எங்களுக்கு அப்படி ஆகவில்லை.

பில் 43,780. சேவைக் கட்டணம் சேர்த்து, நாலு போத்தல் தண்ணீரும் சேர்த்து. போகிறதென்றால் மூன்று நாளுக்கு முன்னமாவது தொலைபேசியில் சொல்லவேண்டும், ஒரு இரவுக்கு ஒரு பந்திதான், பிந்திப்போனால் கருப்பநீர் போய்விடும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், புரோக்கோலி வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வயது போனவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கதிரை பார்த்துக் கேளுங்கள், முற்றத்துப் பக்க மேசைகளில் வாங்குதான், சாய முடியாது, மூன்று மணி நேரம் முதுகு தாங்காது. நண்டு உடம்பைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை உடுத்துக்கொண்டு போகவேண்டாம்.

வெளியே வரும்போது தம்பி வாசல்வரை வந்தார். நல்லூர்த் திருவிழா நாட்களில் மச்சத்தை நிறுத்திவிட்டு முழுக்கச் சைவ மெனு போடுவதாக யோசனை இருக்கிறது என்றார். மனைவி அன்றைக்கு முதல்தடவையாக ஒரு கேள்வி கேட்டா, வாழைப்பூ இருக்குமோ என்று. கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்று நம்பரை எழுதிக்கொண்டார். ஓம் என்று பதில் வந்தால் திரும்பப் போவேன், அந்தமுறை என்னுடைய காசில்.